ஓதம் திறக்கும் வழி

அயர்லாந்தின் மேற்குக் கரையிலே, கால்வே மாவட்டத்தைச் சேர்ந்த கானமாராப் பிரதேசத்தில், கிளிஃப்டன் என்னும் சிறு நகரினின்று வடமேற்காகப் பத்துக் கிலோமீட்டர் அளவில் பிரயாணம் செய்தால், ஒரு மாதா கோவிலும் சிதறலாகச் சில வீடுகளுமாகக் காட்சி தரும் கிளாடாடஃப் என்ற சிற்றூரை அடையலாம். 'கறுத்த கரை' என்பது அப்பெயருக்கு ஐரிஷ் மொழியில் பொருள். அதற்கு எதிரே அகன்று கிடக்கும் மணற்பரப்பு, ஓதம் ஏறியிருக்கும்போது கடல், வற்றியபோது சாலை. அந்தச் சாலைக்கு அப்பால் இருப்பது ஓமித் தீவு.

நான் சென்ற வேளையில் நீர் வடிந்து, வழி காட்டும் அம்புக்குறிக் கம்பங்கள் ஈர மணலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடல் ஏறி வருவதால் இவ்வழி திறக்கும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்திக்கொண்டே போகும். ஆகவே இவ்வூரார் கடிகாரத்துக்கு முன்னால் சந்திரனைக் கணக்கில் வைத்து வாழக் கற்றவர்கள். கோடையில் இதே மணலில் குதிரைப் பந்தயம் நடத்தும்போதும் நாள் குறிப்பது சந்திரனே.

ஏழாம் நூற்றாண்டில் ஃபெய்ஹின் என்ற துறவி இங்கே ஒரு மடத்தை ஸ்தாபித்தார். அயர்லாந்தில் கிறிஸ்தவ மதம் கடைசியாகப் புகுந்த இடங்களில் ஓமியும் ஒன்று என்பது பரம்பரையாக வரும் செய்தி. மடத்தைக் கட்ட வந்த துறவிகளின் கருவிகளைத் தீவினர் நீரிலே எறிந்துவிட்டார்கள் என்றும் அவருடைய சரித்திரம் கூறுகிறது. மூதாதையரின் தெய்வங்களைக் கைவிட மனமில்லாத எளிய மக்களின் அந்தக் கோபத்தை நான் குறையாக எண்ணவில்லை. அவர்களுக்கும் ஒரு பக்தி இருந்ததற்கு அதுவே சாட்சி. 665-ஆம் ஆண்டை ஒட்டி, நாடெங்கும் பரவிய 'மஞ்சள் கொள்ளைநோயில்' ஃபெய்ஹின் காலமானார். அவர் பெயரால் வழங்கும் புனிதக் கிணறு இன்னும் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கருங்கல்லால் பிற்காலத்தில் எழுந்த அவருடைய கோவிலோ, காற்று கொண்டுவந்து குவித்த மணலில் நெடுங்காலம் புதையுண்டு கிடந்து, 1981-இல்தான் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. பள்ளத்துக்குள் இறங்கி நின்றால் சுவர்கள் மட்டும் சூழ்ந்திருக்கின்றன; தலைக்கு மேலே கூரையாக ஆகாயமே இருக்கிறது.

தீவின் நடுவே ஃபாஹி என்னும் நன்னீர் ஏரி இருப்பதாலும், மணற்புல்வெளி ஆடுமாடுகளுக்குப் போதுமான மேய்ச்சலாக இருந்ததாலும், கரையொதுங்கும் கடற்பாசியை எருவாக இட்டு உருளைக்கிழங்கு பயிரிட்டு, 1840-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 400 பேர் இங்கே வாழ்ந்தார்கள். அந்த ஒரே கிழங்கை நம்பியிருந்ததுதான் அவர்களுக்கு நேர்ந்த விபத்து. 1845-இல் நோய் கண்டு கிழங்கு நிலத்திலேயே அழுகியபோது தொடங்கிய பஞ்சமும், அதைத் தொடர்ந்து தலைமுறை தலைமுறையாக நடந்த குடிபெயர்தலும் தீவைக் காலியாக்கின. நிரந்தரமாகக் குடியிருந்த கடைசி மனிதர் 2017-இல் மறைந்தார்.

இந்தத் தீவுக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. ஓமியில் 1974-இல் ஆறு பக்கங்களுடைய கல் இல்லம் ஒன்றைக் கட்டிக்கொண்ட ஐரிஷ் கவிஞர் ரிச்சர்ட் மர்ஃபியின் தந்தை கொழும்பு நகரின் மேயராக இருந்தவர். இளமையில் இலங்கையைக் கண்ட மர்ஃபி, இக்கரையின் மீனவரோடு படகோட்டிப் பழகி, 1927-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரவில் அடித்த புயலிலே மேற்குக் கரையில் 45 மீனவர் மாண்ட கிளெகன் துயரத்தைக் காவியமாகப் பாடினார். முதிர்ந்த வயதில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே பழங்காலத்துப் பிரயாணிகள் கீறிய பாடல்களில் ஈடுபட்டு, அவற்றைத் தழுவி ஒரு நூல் செய்தார். 2018-இல் அவர் உயிர் நீத்ததும் இலங்கையிலேதான்.

மணலைத் தாண்டித் தீவில் ஏறும் இடத்துக்கு அருகே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குடிகள் நீங்கிய பின்னும், எதிர்க்கரையிலுள்ள கிளாடாடஃப் ஊரார் தங்கள் இறந்தோரை அங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்கிறார்கள். சவ ஊர்வலம் எப்பொழுது புறப்படலாம் என்பதை ஓதக் கணக்கைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள்.