ஏடெழுதிய மாணவர்

2017-இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தது. நாம் பேச, கைப்பேசி எழுதுகிறது. ஆயினும், சொல்லி எழுதுவிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) தலபுராணச் செய்யுட்களை மனத்திலேயே யாத்து வாய்மொழியாகச் சொல்லிவருவார். மாணவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவர். 1871-இல் அவரிடம் பாடங்கேட்கச் சேர்ந்த உ.வே. சாமிநாதையரும் அவ்வாறு எழுதியவரே. எழுதுவது அங்கே ஊழியம் மட்டுமன்று. ஒரு செய்யுள் எவ்வாறு உருவாகிறது என்பதை அருகிருந்து கேட்கும் பாடமும் ஆகும். அப்பயிற்சி பெற்றவரே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

கருவி நம் கைவலியைத் தீர்க்கிறது, வேகமும் தருகிறது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆசிரியர் சொல்ல எழுதியே புலமை பெற்ற மாணவருக்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தை வேறெவ்வாறு நிரப்புவது என்பதே நாம் எண்ணவேண்டியது.