பேயுருவும் பிள்ளைகளும்



குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசலாமா என்னும் கேள்வி, நான் ஆசிரியத் தொழிலில் இருந்த நாளெல்லாம் என்னைத் தொடர்ந்து வந்தது. "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிப் பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிடுவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அரசலாற்றுக்குத் தெற்கே, காரைக்காலிலிருந்து நாகைக்குச் செல்லும் வழியில் உள்ள நெரவி என் ஊர். எங்கள் பக்கத்து முன்னோர் இப்பாடத்தை மறைத்து வைக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு ஓர் அன்னை துணையாக இருந்தார்.

புனிதவதியார் என்னும் காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். அம்மையார் வாழ்ந்த காலமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. அடியார்க்கு ஒரு மாங்கனியை அளித்ததும், கணவன் மற்றொன்றை வேண்டியபோது இறையருளால் கனி பெற்றதும் நீங்கள் அறிந்தவையே. அஞ்சிய பரமதத்தன் கலமேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்கும் புனிதவதி என்றே பெயரிட்டு, பின்னாளில் மனைவியோடும் மகவோடும் அம்மையார் அடியில் வீழ்ந்தான். அதன் பின்னரே அம்மையார் தசையை உதறி எலும்புருவாக நிற்க இறைவனை வேண்டினார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடத் தாம் பாடியிருந்தார் என்பது புராணம்.

இவ்வுருவம் கடல் கடந்தும் சென்றது. கம்போடியாவில் 967-ஆம் ஆண்டு அமைந்த பாந்தியாய் ஸ்ரீ கோயிலின் கூத்தன் சிற்பத்தில், ஆடுவான் அடியருகே வற்றிய மேனியோடு அமர்ந்திருப்பவர் இவ்வம்மையாரே என்பர் அறிஞர். கங்கைகொண்ட சோழபுரத்திலும் காணலாம். நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனியில் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கையில் தாளம் இருக்கிறது. முகத்தில் சிரிப்பும் இருக்கிறது.

அந்தச் சிரிப்பைத்தான் நான் கருதுகிறேன். 1948-இல் மரியா நாகி என்னும் அம்மையார், ஹங்கேரி நாட்டில் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டறிந்த ஆய்வினை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டோர் சாவை உறக்கமாகவோ வெளியூர்ப் பயணமாகவோ கொள்கின்றனர். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்டோர் அதனை ஓர் ஆளாகக் காண்கின்றனர்; எலும்புக்கூடாக, இரவில் வந்து ஆளைத் தூக்கிச் செல்பவனாக. எல்லாரும் இறப்போம் என்பது அதன் பிறகே தெளிகிறதாம். எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் இது பொருந்துமா என்று பின்வந்தோர் ஐயுற்றதுண்டு. ஆயினும் எங்கள் பக்கத்துக் குழந்தை ஐந்து வயதில் சந்திக்கும் எலும்புருவம் ஆளைத் தூக்குபவன் அல்லன். மாங்கனி கொடுத்த அம்மை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வருகையில், மாடிகளிலிருந்து இறைக்கப்படும் கனிகளுக்குத் தந்தையின் தோள்மேல் இருந்து கை நீட்டும் பிள்ளை, திருமணக் கோலத்தில் கண்ட அதே அம்மையார் பேயுருக் கொள்வதையும் கேட்டறிகிறது. பாட்டிமார் இதற்கு விளக்கவுரை எதுவும் சொன்னதில்லை. சொல்லாததே நல்லதாயிற்று.

வீட்டிலும் பிள்ளைக்கு வேலை இருந்தது. ஆடி, தை அமாவாசைகளில் காக்கைக்குச் சோறு வைப்பது என் பொறுப்பு. காக்கை எடுத்த பின்னரே பெரியோர் இலையில் அமர்வர். ஆதலால் ஏழு வயதில் அந்த வீட்டில் என்னினும் பெரிய அதிகாரி இல்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில், கிறித்தவப் பிள்ளைகள் கழுவிப் பூவிட்ட கல்லறைமேல் மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றுக்கு உள்ளங்கையால் அணை கட்டி நிற்பர். முஸ்லிம் சிறுவர் தந்தையோடு அடக்கத்தலம் சென்று ஃபாத்திஹா ஓதக் கற்பர். பெயரிலும் இந்நினைவு உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். நாம் அதைப் பேரன் என்று தேய்த்துவிட்டோம்.

இவையெல்லாம் எதற்குப் பயன்பட்டன என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை; மார்கழிப் பௌர்ணமி. சுமத்திரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. காரைக்கால் கரையிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். உற்றார் வந்து முகம் பார்க்குமுன் பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டோரும் உண்டு. சனவரியில் வகுப்புகள் தொடங்கியபோது, வருகைப் பதிவேட்டை எவ்வாறு வாசிப்பது என்று ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியவில்லை. அப்பெயர்களைச் சொல்லாமல் தாண்டிவிடுவதே பிள்ளைகளுக்கு நலம் என்றனர் சிலர். அப்பொழுது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து விடுப்பு கேட்டாள். "தம்பிக்குப் பதினாறாம் நாள், ஐயா. கடலில் பூப்போடுவது நான்தான்" என்றாள். அழவில்லை, வேலை இருக்கிறது என்னும் குரல் அது. அதன் பின்னர்ப் பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒன்றும் விடாமல் வாசித்தேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டிருந்தனர்.

கருத்தடை அறுவை செய்துகொண்ட பின் தம் மக்களை ஆழிப்பேரலைக்கு இழந்த தாய்மார்க்கு, மீண்டும் கருவுறும் பொருட்டு இலவச மறு அறுவை செய்யத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. பின்னே பிறந்தவர்களில் சிலர், தாம் கண்டறியாத தமையன் தமக்கையரின் பெயர்களைத் தாங்கி வளர்ந்தனர். நெரவிக்கு அடுத்துள்ள திருமலைராயன்பட்டினத்தின் பட்டினச்சேரிக் கடற்கரையில், நினைவு நாளொன்றில் அத்தகைய இளைஞன் ஒருவனைக் கண்டேன். முழங்கால் அளவு நீரில் நின்று, அண்ணனை அழைக்கத் தன் பெயரையே உரக்கச் சொல்லிப் பால் வார்த்தான். அருகில் செம்பைப் பிடித்திருந்தவள் அவனுடைய அக்காள் மகள், அகவை ஐந்திருக்கும்.