கேளாமல் பெற்ற இரத்தம்

அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறவர்கள், ஏதேனும் ஓர் அறையின் வாசலில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைக் கண்டிருப்பார்கள். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி உடலில் உண்டா என்று சோதித்து, சோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசி, அறிந்ததைப் பிறர் காதில் போடாமல் காக்கிற இடம் அது. அந்தப் பெயரின் அருமையை உணர வேண்டுமானால், 1986-ஆம் வருஷத்துச் சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1981-இல் முதன்முதலாக அறியப்பட்ட அந்த வியாதி, ஒழுக்கத்தில் சிறந்த நம் தேசத்தை ஒருநாளும் அண்டாது என்று படித்தவர்களும் பத்திரிகைகளும் ஒருசேர நம்பியிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம்மிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவிடம் அந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாணவிக்குத் தயக்கம் மிகுதி. பம்பாயில் தேடியவர்களுக்கே ஒன்றும் அகப்படாதபோது இங்கே என்ன கிடைத்துவிடப் போகிறது என்ற சந்தேகம் ஒருபுறம். பாலியல் தொழில் செய்யும் ஸ்திரீகளை எங்கே போய்த் தேடுவது என்ற சங்கடம் மறுபுறம். கணவர் ராமமூர்த்தி தைரியம் சொல்லி, தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்.

போலீஸாரிடம் பிடிபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோமில், மூன்று மாத காலத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்களின் இரத்தம் சேகரிக்கப்பட்டது. கையுறை கிடையாது, வேறு பாதுகாப்புச் சாதனமும் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைப் பத்திரப்படுத்த வேறு வசதி இல்லாமையால், நிர்மலாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே அதற்கும் இடம் தந்தது. பிறகு ஒருநாள், கணவனும் மனைவியுமாக ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் சோதனைக்கூடத்தில், மின்சாரம் நின்றுபோன இடைவேளையில் தேநீர் அருந்திவிட்டு வந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தபோது, ஆறு குழிகளில் திரவம், கிருமி உண்டு என்பதற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறியிருந்தது. மறுபடியும் சோதித்தார்கள், அதே மஞ்சள். அமெரிக்காவிலும் முடிவு உறுதியாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் அதை அறிவித்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஆராய்ச்சியாளரின் துணிவைப் போற்றுகிறோம்; போற்றத்தக்கதுதான். ஆனால் கை நீட்டி இரத்தம் தந்த அந்தப் பெண்களிடம், எதற்காக எடுக்கிறோம் என்பது சொல்லப்படவில்லை. வழக்கமான மேகநோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளிலோ, கிருமி கண்ட குற்றத்துக்காகவே சில பெண்கள் விடுதலைக்குரிய காலம் கடந்தும் அந்த இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரையில் வழக்குப் போன பிறகே 1990-இல் வெளியே வந்தார்கள். சோதித்தால் சிறை என்று கண்ட மனிதர் எவர்தாம் சோதனைக்கு வலிய வருவார்? நோயைத் தடுக்க நினைத்த கையே நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்தது.

அந்தப் பாடத்தைக் கற்கப் பல வருஷங்கள் ஆயின. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கி, மருந்துக்கு முன்னால் பேச்சு என்ற முறையை வளர்த்து, நோயுற்றவர்களுக்குத் துணை தேடி மணம் முடித்து வைக்கும் அளவுக்கு அவர்கள் வாழ்வில் பங்குகொண்டார். 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளரிடமும் பேசுவதற்கு, அவர்களுள் ஒருவரையே பயிற்றுவித்து அனுப்பும் வழக்கமும் வேரூன்றியது. ஆணுறையின் அவசியத்தை அதிகாரி எடுத்துரைத்தால் தலைகுனிந்து கேட்கிறவர்கள், தம்மைப்போல் ஒருவர் சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்டார்கள். கேள்வி பிறந்த இடத்தில்தான் பழக்கமும் மாறிற்று. ஒரு காலத்தில் காசநோயாளிகளின் புகலிடமாக எழுந்த தாம்பரம் சானடோரியத்தில், 2004 ஏப்ரல் முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து இலவசமாகக் கிடைத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை எட்டியிருந்த தொற்று, பத்தாண்டுகளுக்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

சம்மதம் பெறாமல் எவரையும் சோதிக்கலாகாது, சோதனை முடிவை வெளியிடலாகாது என்று 2017-இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் விதிக்கிறது. மயிலாப்பூரில் அன்று கேட்கப்படாத கேள்வி, முப்பத்தோராண்டு கழித்துத் தேசத்தின் சட்டமாயிற்று. அந்தப் பெண்களின் பெயர்களை எந்தப் பலகையிலும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. ஆனால் இன்று ‘நம்பிக்கை மைய’த்தில் எதிரே அமரும் ஆலோசகர், “சோதனை செய்துகொள்ளச் சம்மதமா, அம்மா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள், அவர்களுக்கு நாம் திருப்பிச் செலுத்தும் கடனேயாகும்.