பங்கு இல்லாத பங்குத்தந்தை

சாந்தோம் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் உங்கள் கண்ணில் படும். இப்போது நிற்கும் கட்டடம் 1896-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1952 முதல் அதுவே சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தின் தலைமைப் பேராலயம். கட்டடத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். இந்த மறைமாவட்டத்தில் வாழ்ந்த ஒரு மனிதரின் கதையை இந்த இதழில் சொல்கிறோம். அவர் பியேர் செராக். பழைய மாணவர்களுக்கு 'ஃபாதர் செராக்'.

பிரான்சின் கொரேஸ் பகுதியில் உள்ள மேசாக் என்ற சிற்றூரில் 1914 பிப்ரவரி 4 அன்று பிறந்தார். 1931-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1937-ல் தமிழகம் வந்தபோது வயது 23. தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பிரெஞ்சு இயேசு சபையினர் 1925-ல் தொடங்கிய லயோலா கல்லூரிதான் அவருடைய சென்னைத் தளம்.

பங்குத்தந்தை என்றால் ஒரு கோயிலும், அதைச் சுற்றிய தெருக்களும், குடும்பங்களும் அவர் பொறுப்பு. 'சாப்ளின்' அப்படி அல்ல. கல்லூரி, மருத்துவமனை, சிறை என்று மக்கள் கூடும் இடத்துக்கு அவர் போக வேண்டும். ஃபாதர் செராக் அனைத்திந்தியக் கத்தோலிக்க மாணவர் இயக்கத்தின் தேசிய சாப்ளினாக 1950-களிலும் 60-களிலும் பணியாற்றினார். இந்தியாவின் கல்லூரி விடுதிகளே அவருடைய பங்கு. மாணவர்களை ஜெபத்தோடு நிறுத்தவில்லை. கிராமங்களில் நடந்த சேவை முகாம்களுக்கும் அழைத்துப் போனார். பட்டம் வாங்கப் போகும் பிள்ளைகள் மண் சுமந்தார்கள்.

அடுத்து அவர் போனது மானாமதுரைப் பக்கம். இன்று அது சிவகங்கை மாவட்டம், அன்று ராமநாதபுரம். மழை சில வாரம் பெய்து ஓய்ந்துவிடும் பூமி. கண்மாய் வற்றினால் வயலும் காய்ந்துவிடும். குடும்பம் பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கையில் ஒரு கிணறு இருந்தால் அடுத்த பயிருக்கு நம்பிக்கை உண்டு. அதனால் விவசாயிகளுக்குக் கிணறு வெட்டித் தருவதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

நம் அடுக்குமாடியில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த செய்தி உங்களுக்குத்தான். 1980-ல், 66 வயதில், அவர் தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டார். கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையிலும் அதைத் தொடர்ந்த போரிலும் வீடிழந்த கம்போடியர்கள் அங்கே முகாம்களில் கிடந்தார்கள். சில மாதம் உதவிவிட்டுத் திரும்பவில்லை. முகாம்கள் மூடப்பட்ட 1993 வரை, ஏறக்குறைய 13 ஆண்டுகள், அகதிகளோடு இருந்தார். 79 வயதில் சென்னை திரும்பியவர், ஆதரவற்ற குழந்தைகளின் படிப்புக்காகவும் வளர்ப்புக்காகவும் உழைத்தார். 2012 மே 30 அன்று சென்னையிலேயே காலமானார். வயது 98.

அவருடைய சகோதரர் பிரான்சுவா செராக், பிரெஞ்சு முதலாளிகள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இங்கே சொந்தமென்று எதுவும் இல்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டதெல்லாம் இழந்ததுதான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. எந்த மதத்தவருக்கும் புரியும் பேச்சு இது.

கோபுரத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் நினைவு, பார்த்துப் பழகியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. 1950-களில் அவரிடம் பழகிய மாணவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.