பன்வில லயன் வீட்டிலும் வன்னி வீட்டிலும்: நடக்க முடியாதவருக்காக வீட்டைச் சீரமைப்பது எப்படி?

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் வீதியில் பன்வில இருக்கிறது. அதைச் சுற்றிலும் மடுல்கலை, ஹுலுகங்கை எனத் தேயிலைத் தோட்டங்கள். இங்கு லயன் வீடுகள் பெரும்பாலும் சரிவில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வீதியிலிருந்து லயனுக்குப் படி, லயனிலிருந்து பீலிக்குப் படி, பீலியிலிருந்து மலசலகூடத்துக்கும் படி. நல்ல கால்களுக்கே சிரமமான இந்த வழியில், ஒரு கால் இழந்தவரோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரோ அடுத்தவர் துணையின்றி வெளியே வர முடியாது.

1977, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து ஓடி வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. அதே குடும்பங்கள் பின்னர் போரிலும் அகப்பட்டன. இன்றும் தோட்டத்துக்கும் வன்னிக்கும் இடையே கொண்டும் கொடுத்தும் உறவு நீள்கிறது. போரில் காயமடைந்தவரும், தேயிலை மலையில் தவறி விழுந்தவரும், பாரிசவாதம் வந்த முதியவரும் வீட்டுக்குள் சந்திக்கும் தடைகள் ஏறத்தாழ ஒன்றே: வாசற்படி, கதவு, மலசலகூடம்.

லயன் காம்பராவில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு உறுதி அவர் கையில் இல்லை. சுவரை உடைக்கவோ இஸ்தோப்புக்கு முன்னால் சீமெந்து கொட்டவோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வன்னியில் தற்காலிக வீட்டில் அல்லது மற்றவர் காணியில் இருப்பவருக்கும் இதே நிலைதான். ஆகவே கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவை. வீடு மாறினாலும் இவை அவருடன் போகும்.

முதலில் அளவு

தச்சரையோ வெல்டிங் கடையையோ தேடிப் போகுமுன் ஒரு அளவு நாடாவும் கொப்பியும் எடுங்கள். பாவிக்கப்போகிறவரை அருகில் வைத்துக்கொண்டே அளவெடுங்கள். எந்த இடத்தில் பிடி வேண்டும், எந்தக் கைக்குப் பலம் அதிகம், இரவில் எத்தனை தடவை எழும்ப வேண்டியிருக்கிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும். குறிக்க வேண்டியவை:

- ஒவ்வொரு படியின் உயரம்.
- கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது கிடைக்கும் இடைவெளி (நிலையின் அகலம் அல்ல).
- சக்கர நாற்காலியின் முழு அகலம், இருக்கை தரையிலிருந்து இருக்கும் உயரம்.
- உட்கார்ந்திருக்கும்போது அவரது இடுப்பின் அகலம்.
- பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரையான நீளம்.

வாசற்படி

சாய்தளத்துக்கு நினைவில் வைக்க எளிதான கணக்கு ஒன்று உண்டு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 7 அங்குலப் படி ஒன்றுக்கு 7 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இரண்டு படி என்றால் 14 அடி. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுபவர் பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு.

கழற்றக்கூடிய பலகைச் சாய்தளம் செய்வதற்கு, 2 அங்குலத்துக்கு 4 அங்குல மரச்சட்டங்கள் மூன்றை நிமிர்த்தி வைத்து, அவற்றின்மேல் ஒரு அங்குலத் தடிப்புப் பலகைகளைக் குறுக்காகத் திருகாணியால் பூட்டலாம். அகலம் 3 அடி. நடுவில் ஒரு தாங்குகட்டை கட்டாயம் வேண்டும். இரு ஓரங்களிலும் 2 அங்குல உயரச் சட்டம் அடித்தால் சில்லு வெளியே நழுவாது. மேல்முனை படியில் இருந்து வழுகாமல் ஒரு இரும்புத் தகட்டை வளைத்துப் பூட்டிப் படியில் கொளுவ வேண்டும். பன்வில போன்ற மழைப் பிரதேசத்தில் பலகையில் பாசி பிடிக்கும். மேற்பரப்புக்குப் பெயின்ற் அடித்து, அது காயுமுன் சலித்த மணலைத் தூவிவிட்டால் பிடிப்பு வரும்.

சீமெந்தில் கட்ட அனுமதி இருந்தால், இறுகுமுன் தென்னந்தும்புத் தடியால் குறுக்காகக் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். பின்னர் ஒரு கிழமைக்கு ஈரச் சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும். வாசலுக்கு நேரே, சாய்தளத்தின் மேல்முனையில், 5 அடிக்கு 5 அடி மட்டமான இடம் விட்டால்தான் நாற்காலியைத் திருப்பலாம்.

பல லயன்களில் இந்த நீளத்துக்கு இடமே இருக்காது. அங்கே செங்குத்தான சாய்தளம் அமைப்பதைவிட, உயரம் குறைந்த அகலமான படிகளும் இரு பக்கமும் கைபிடியும் அமைப்பது பாதுகாப்பு. ஊன்றுகோலுடன் ஏறுபவருக்கு 4 அங்குல உயரமும், இரண்டு கால்களையும் ஊன்றுகோலையும் ஒன்றாக வைக்கும் அகலமும் உள்ள படியே வசதி.

கதவு

வளர்ந்தவர் பாவிக்கும் சாதாரண சக்கர நாற்காலி 24 முதல் 27 அங்குல அகலம் வரும். சில்லைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும். எனவே 32 அங்குல இடைவெளி இருப்பது நல்லது. பழைய காம்பராக் கதவுகள் இதைவிட ஒடுக்கமாக இருக்கலாம்.

சுவரை உடைக்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள். உள் அறைக் கதவைக் கழற்றித் திரை போட்டால் கதவின் தடிப்பளவு, அதாவது ஒன்று முதல் ஒன்றரை அங்குலம், கூடுதலாகக் கிடைக்கும். உள்ளே திறக்கும் மலசலகூடக் கதவை வெளியே திறக்கும்படி மாற்றிப் பூட்டலாம். அவர் உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் திறந்து தூக்கவும் இது உதவும். நிலையின் அடிக்கட்டைக்கு இரு பக்கமும் ஆப்பு வடிவக் கட்டை செதுக்கி வைத்தால் சில்லு முட்டாது.

லயனில் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர்தான். கருங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் மேசன் பார்க்காமல் வாசலை அகலப்படுத்த வேண்டாம். மேலே தாங்கும் வளை இல்லாமல் வெட்டினால் கூரையே இறங்கிவிடும்.

மலசலகூடம்

வீட்டில் முதலில் திருத்த வேண்டிய இடம் இதுதான். மலசலகூடம் தூரமாக இருப்பதால் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வரும். அது சிறுநீரகத்துக்கும் பரவக்கூடும்.

குந்தியிருக்கும் மலசலகூடத்தின் மேல் வைக்க ஒரு இருக்கைச் சட்டம் செய்யலாம். ஜீ.ஐ. குழாயில் வெல்டிங் செய்வதே நீடிக்கும். நான்கு கால்களும் குழியைச் சுற்றி வெளியே நிற்க வேண்டும். உயரம் சக்கர நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்து உட்காரலாம். இருக்கைத் துளை ஏறத்தாழ 8 அங்குல அகலம், 10 அங்குல நீளம். முன்பக்கம் திறந்திருந்தால் கழுவ வசதி. உணர்ச்சியில்லாத உடம்பில் சிறு பிசிறும் காயமாகும் என்பதால் ஓரங்களை மென்மையாக அரைத்து, மேலே ஸ்பொஞ் வைத்து றெக்சினால் மூடுங்கள். பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டித் துளை போடுவதைத் தவிர்க்கவும். வெட்டிய கதிரை பாரத்தில் பிளந்துவிடும்.

கைபிடிக்கு ஒன்றேகால் அங்குல ஜீ.ஐ. குழாய் போதும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஒன்றரை அங்குலம் விடுங்கள். பீ.வீ.சீ. குழாய் ஆளின் பாரத்தைத் தாங்காது. பழைய களிமண் சுவரில் சாதாரண ஆணியும் பிளாஸ்ரிக் செருகியும் பிடிக்காது. சுவரை ஊடறுத்து நீள போல்ட் போட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயைத் தரையில் சீமெந்தில் நட்டு, மேலே வளையுடன் பிணைக்கலாம். பாவனைக்கு விடுமுன் வீட்டில் பாரமான ஒருவர் அதில் முழுப் பலத்துடன் தொங்கிப் பார்க்கட்டும்.

இரவில் வெளியே போக முடியாதவருக்கு அதே இருக்கைச் சட்டத்தின் கீழ் மூடியுள்ள வாளி வைத்து, காம்பராவின் ஒரு மூலையைத் திரையால் மறைக்கலாம். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டில் அந்தத் திரை அவரது மானம்.

ஊன்றுகோல்

நிமிர்ந்து நிற்கும்போது கக்கத்துக்கும் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கை சற்றே மடியும். பாரம் கையில்தான் தங்க வேண்டும். கக்கத்தில் சாய்ந்து நடந்தால் நரம்பு அழுத்தப்பட்டுக் கை விறைக்கும்.

அடி றப்பரை மாதமொருமுறை பாருங்கள். கோடுகள் தேய்ந்து வழுவழுப்பானால் ஈரத் தரையில் வழுக்கும். புதிய றப்பர் கிடைக்கும்வரை பழைய வாகன ரயர்த் துண்டை வெட்டிப் பொருத்தலாம். ஆணித் தலை றப்பருக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியும் மெத்தையும்

இருக்கை இடுப்பின் அகலத்துக்கு அளவாக இருக்க வேண்டும். இருக்கையின் முன் ஓரத்துக்கும் முழங்காலின் உட்பக்கத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தொடை முழுவதும் இருக்கையில் படும்படி கால்தாங்கியைச் சரிசெய்யுங்கள். கால்தாங்கி உயரமாக இருந்தால் பாரமெல்லாம் பிட்டத்தில் விழும்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் படுக்கைப் புண் உயிராபத்து. வெறும் றெக்சின் இருக்கையில் உட்கார விடாதீர்கள். கீழே 2 அங்குலக் கடினமான ஸ்பொஞ், மேலே ஒன்று முதல் 2 அங்குல மென்மையான ஸ்பொஞ் ஒட்டி, காற்றோட்டமான துணி உறை போடலாம். நடுவில் வட்டத் துளையுள்ள மெத்தை வேண்டாம். அது துளையைச் சுற்றியுள்ள தோலுக்கு இரத்தம் போவதைத் தடுக்கும்.

மெத்தை போதுமா என்று பார்க்க, சக்கர நாற்காலிச் சேவைப் பயிற்சியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு எளிய சோதனையைக் கற்பிக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கும் பிட்ட எலும்புக்கும் இடையே உங்கள் விரல் நுனியை வையுங்கள். விரலை மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பாதுகாப்பு. விரல் நசுங்கினால் அந்த மெத்தை போதாது. எந்த மெத்தையானாலும் அரை மணிக்கொருமுறையாவது முன்னுக்கோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் இருந்தால், அது மறையும்வரை அந்தப் பக்கத்தில் பாரம் படக்கூடாது.

கூரையும் மண்ணும்

தகரக் கூரையில் ஆணித் துளை ஒழுகினால், துருவைச் சுரண்டி, துணித் துண்டைத் தாரில் தோய்த்து ஒட்டலாம். அஸ்பெஸ்ரஸ் தகட்டைக் காய்ந்த நிலையில் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

சாய்தளத்துக்கு இடமெடுப்பதற்காக வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டாதீர்கள். கண்டி மாவட்டச் சரிவுகளில் மண்சரிவுக்கு அது ஒரு காரணம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பிரதேச செயலகம் ஊடாகக் கேட்கலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சரியும் மரங்கள், திடீரெனக் கலங்கலாக வரும் ஊற்று ஆகியவை எச்சரிக்கை. நடக்க முடியாதவரை அடைமழைக்கு முன்பே, பகலிலேயே இடம் மாற்றுங்கள். அவரைத் தூக்கப்போகும் இருவர் யார் என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

வீட்டில் செய்யக்கூடாதவை

செயற்கைக் காலை அறுக்கவோ, துளைக்கவோ, அடுப்பில் சூடாக்கி வளைக்கவோ கூடாது. துண்டிக்கப்பட்ட காலில் புண் வந்தால் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, அதைச் செய்துகொடுத்த நிலையத்துக்கே போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்தப் பணியைச் செய்கிறது. கொழும்பில் நட்புதவிச் சங்கம் செய்கிறது. பன்வில மக்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையும் கிட்டியவை. மின் வயர் வேலையையும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எங்கே கேட்பது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களைப் பற்றிப் பேசுகின்றன. லயன் வாசற்படிக்கு அவை வருவதில்லை. ஆனால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வீட்டு வசதி உதவி ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துடன் நீங்கள் எடுத்த அளவுகளையும் கொடுங்கள். அளவு தெரியாமல் கொடுக்கப்படும் நாற்காலி பல வீடுகளில் மூலையில் கிடந்து துருப்பிடிக்கிறது.

தோட்டத்தில் நிலையான வேலை எதையும் தொடங்குமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் மூன்று உள்ளன: பலகைச் சாய்தளம், இருக்கைச் சட்டம், மெத்தை. ஒரு தச்சரும் ஒரு வெல்டிங் கடையும் ஒரு தையல் இயந்திரமும் இருந்தால் இவற்றைச் சில நாட்களில் முடித்துவிடலாம். அவற்றிலும் முதலில் இருக்கைச் சட்டத்தைச் செய்யுங்கள்.