ஒரு அணா எந்தக் கணக்குல வரும்?

இந்தியா தன்னோட ஜிடிபியில ஏறக்குறைய 4 சதவீதத்தைக் கல்விக்குச் செலவு பண்ணுது. இலங்கை சமீப வருஷங்கள்ல 2 சதவீதத்தைக்கூடத் தொடல. ஆனா எழுத்தறிவு? 2011 சென்சஸ்படி இந்தியாவுல 74 சதவீதம். இலங்கை 90-ஐத் தாண்டி ரொம்ப நாளாச்சு. அப்போ நம்ம காசு எங்க போகுது? ஆபீஸ்ல இப்படி ஒரு டேஷ்போர்டு வந்தா, "டேட்டா எந்த வருஷத்துல இருந்து இருக்கு?"ன்னுதான் நான் முதல்ல கேப்பேன்.

சிலோன்ல 1931-லயே வயசுக்கு வந்த எல்லாருக்கும் ஓட்டு கிடைச்சது. இங்க அதுக்கு 1951-52 தேர்தல் வரைக்கும் காத்திருந்தோம். ஓட்டு இருக்கிறவன் பள்ளிக்கூடம் கேப்பான். கல்வி அமைச்சர் கன்னங்கரா தலைமையில 1943-ல அறிக்கை வந்துச்சு. 1945 அக்டோபர்ல இருந்து மழலையர் வகுப்பு தொடங்கி யுனிவர்சிட்டி வரைக்கும் இலவசம். (1947 தேர்தல்ல மனுஷன் தோத்துட்டார், அது தனி எபிசோடு.) 1946 சென்சஸ்லயே அங்க எழுத்தறிவு 57 சதவீதத்துக்கு மேல. 1951-ல இந்தியாவுல 18. அப்போ நம்ம கல்விச் செலவு ஜிடிபியில வெறும் 0.64 சதவீதம்.

எழுத்தறிவுங்கிறது இந்த வருஷ பட்ஜெட்டோட ரிசல்ட் இல்ல, எழுபது எண்பது வருஷச் செலவோட கூட்டுத்தொகை. இலங்கையில தாத்தா பாட்டியே ஸ்கூலுக்குப் போனவங்க. அதோட, அங்க தலா வருமானம் அதிகம், வீட்டுக்குப் பிள்ளைங்க குறைவு. அதனால ஒரு பிள்ளைக்கு வர்ற தொகை, 2 சதவீதம்னு கேக்கும்போது தோணுற அளவுக்குச் சின்னது இல்ல.

சரி, அந்த இலவசத்துக்குப் பணம் எங்க இருந்து வந்துச்சு? அரசாங்க வருமானத்துல பெரிய பங்கு தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதியில இருந்து. கொழுந்து பறிச்சவங்க நம்ம ஜில்லாக்கள்ல இருந்து கடல் தாண்டிப் போன குடும்பங்கள். 1948 சட்டத்துல அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமை இல்லாம போச்சு, அப்புறம் ஓட்டும் போச்சு. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கிட்டது 1970-கள்லதான். கிராஃப்ல 1945-னு குறிச்சிருக்கிற அந்தப் புள்ளி, நுவரெலியா லயத்துல பிறந்த பிள்ளைக்கு முப்பது வருஷம் தள்ளி வந்துச்சு. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப உறுத்துற இடம் இது.

அதுக்கப்புறம் ரெண்டு கோடும் குறுக்க வெட்டிக்கிச்சு. நம்மளோடது மெதுவா ஏறுச்சு, அவங்களோடது இறங்குச்சு. அங்க போர், வரி வசூல் சரிவு. பெத்தவங்க தங்கள் காசை டியூஷன்ல கொட்டுனாங்க. வேடிக்கை என்னன்னா, ரெண்டு பக்கமும் கேட்ட எண் ஒண்ணுதான்: 6 சதவீதம். இங்க 1966-ல கோத்தாரி கமிஷன் கேட்டுச்சு. அங்க 2012-ல பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூணு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணிக் கேட்டாங்க. ரெண்டு இடத்துலயும் இன்னும் வரல.

ஆனா அந்த சதவீதத்துக்குள்ள எதை எல்லாம் எண்ணுறாங்க? இதுக்கு நான் எங்க ஏரியாவுக்கு வரணும். நான் திருவொற்றியூர். டி.எச். ரோடு வழியா பஸ்ல போனா, பழைய வண்ணாரப்பேட்டையில தியாகராயா காலேஜ் வரும். அந்தப் பெயருக்குரிய பிட்டி தியாகராயர் 1920-ல சென்னை மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதியச் சாப்பாடு போட அப்போ தீர்மானம் போட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாது. ராயபுரம் ஹார்பர்ல மூட்டை தூக்குறவர் வீட்டுப் பிள்ளையை யோசிச்சுப் பாருங்க. ஃபீஸ் இல்லாத ஸ்கூலா இருந்தாலும் காலி வயித்தோட எத்தனை நாள் வருவான்? சாப்பாடு போட்டதும் பிள்ளைங்க வந்தாங்க, இன்னும் சில ஸ்கூல்லயும் ஆரம்பிச்சாங்க.

1925-ல நின்னுடுச்சு. தொடக்கக் கல்வி நிதியில இருந்து சோத்துக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. அதாவது, சாப்பாடு கல்விச் செலவு இல்ல!

காமராஜர் 1956-ல மதிய உணவைத் திரும்பக் கொண்டுவந்தார், எம்ஜிஆர் 1982-ல சத்துணவா விரிவாக்கினார். ஆனா அது இன்னைக்கும் சமூக நலத்துறைக்குக் கீழதான் இருக்கு. பள்ளிக்கல்வித் துறையோட கணக்கை மட்டும் எடுத்து நீங்க ஒரு கிராஃப் வரைஞ்சா, எண்ணூர் ஸ்கூல்ல இன்னைக்கு மதியம் தட்டுல விழுந்த முட்டை அதுல வராது.