துணி காயப்போட ஒரு சட்டம்

அமெரிக்கப் படங்கள்ல பார்த்திருப்பீங்க. ஒரே மாதிரி வீடுகள் வரிசையா நிக்கும். முன்னாடி ஒட்ட வெட்டின புல்தரை. வேலி கிடையாது, தெருவுல ஆள் நடமாட்டமும் கிடையாது. இங்க படிக்க வர்ற நம்ம பசங்களுக்கு முதல்ல வர்ற சந்தேகம், "இவங்கள்லாம் துணியை எங்கடா காயப்போடறாங்க?" என்பதுதான். :-) சிரிப்பா இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அது நடந்தது நான் முதுகலை படிக்கிற இதே லாங் ஐலண்டில். அதனால கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

ஊர் பேரு லெவிட்டவுன். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, ஒரு காலத்துல உருளைக்கிழங்கு வயலா இருந்த இடம். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினாங்க. கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது, ஆனா குடியிருக்க வீடு இல்லை. அப்பா அம்மா வீட்டுல ஒரு ரூமில் ஒண்டிக்கிட்டு இருந்தவங்க ஏராளம். 1944இல் வந்த சட்டத்தின்படி முன்னாள் சிப்பாய்களின் வீட்டுக்கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது. இந்த இடத்துலதான் லெவிட் அண்ட் சன்ஸ் என்ற கட்டுமான நிறுவனம் உள்ளே நுழைஞ்சது.

கார் தொழிற்சாலையில கார் நகரும், தொழிலாளி நிப்பான். இங்க வீடு நின்னுது, தொழிலாளிங்க நகர்ந்தாங்க. வீடு கட்டறதை 27 வேலையாப் பிரிச்சு, ஒரு குழு ஒரே வேலையை வீடு வீடாப் போய் செஞ்சது. வேகம் பிடிச்சப்போ ஒரு நாளைக்கு 30 வீடு வரைக்கும் எழும்பிச்சு. 1947இல் ஆரம்பிச்சு 1951க்குள்ள 17,447 வீடுகள். 1949இல் ஒரு வீட்டு விலை 7,990 டாலர். ஒண்டுக்குடித்தனத்துல இருந்தவனுக்கு இது சொர்க்கம்தானே?

ஆனா சொர்க்கத்துக்கு விதிகள் இருந்தன. வேலி போடக்கூடாது. வாரம் ஒரு தடவையாவது புல் வெட்டணும். வெட்டலைன்னா நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டிட்டு, பில்லை உங்ககிட்ட நீட்டும். கொடி கட்டித் துணி காயப்போடக்கூடாது. குடை மாதிரி மடக்கற ஸ்டாண்டுலதான் போடணும், அதுவும் வார நாள்ல மட்டும். சனி ஞாயிறுல தெரு 'பார்க்க' நல்லா இருக்கணுமாம்.

இப்படிப்பட்ட வாழ்க்கை மனுஷனை மந்தையாக்கிடும்னு அந்தக் கால அறிவுஜீவிகள் நிறைய எழுதினாங்க. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர், வெளியே நின்னு பேசறதை விட்டுட்டு, நியூ ஜெர்சியில் கட்டின இன்னொரு லெவிட்டவுனில் 1958இல் போய்க் குடியேறிட்டார். ரெண்டு வருஷம் இருந்து பார்த்து 1967இல் புத்தகம் போட்டார். பெரும்பாலானவங்க அங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க என்பது அவர் கண்டது. இளம்வயசுப் பசங்களுக்குப் போக்கிடம் இல்லை, சில பெண்களுக்குத் தனிமை. அதையும் மறைக்காமல் எழுதினார்.

சரி, மேட்டருக்கு வர்றேன். லாங் ஐலண்டில் ஆரம்பத்துல வாடகைக்கு விட்டப்போ போட்ட ஒப்பந்தத்துல 25ஆவது விதின்னு ஒண்ணு இருந்தது. வெள்ளையர் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது. ஆனா வீட்டு வேலைக்காரங்களா இருந்தா பரவாயில்லை! இது லெவிட்டோட தனிப்பட்ட புத்தி மட்டும் இல்லை. கடனுக்குக் காப்பீடு தந்த மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகமே இந்த மாதிரிக் கட்டுப்பாடுகளை ஊக்குவிச்சது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்த முடியாதுன்னு 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்புறம் தாளிலிருந்து அந்த விதி போச்சு, நடைமுறையிலிருந்து போகலை. அதே போரில் சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய்க்கு வீடு விற்க மறுத்தாங்க.

1957 ஆகஸ்டில் பென்சில்வேனியா லெவிட்டவுனில் பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி, ஏற்கெனவே குடியிருந்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தாங்க. ராத்திரி ராத்திரியா கும்பல் கூடி கல்லெறிஞ்சது. ஆளுநர் மாநிலப் போலீஸை அனுப்ப வேண்டி வந்தது. பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பம் அவங்க கூடவே நின்னது. மையர்ஸ் குடும்பம் பயந்து ஓடிடலை.

புல் எவ்வளவு உயரம் இருக்கலாம்னு சொன்ன அதே நிறுவனம்தான் பக்கத்து வீட்டுல யார் இருக்கலாம்னும் சொல்லுச்சு. குடியிருந்தவங்களுக்கு ரெண்டுமே 'ஏரியா நல்லா இருக்கணும்' என்ற ஒரே ஆசையாத் தெரிஞ்சிருக்கும். அதுதான் எனக்கு உறுத்துது.

இன்னிக்கு லெவிட்டவுனில் வேலி இருக்கு, மாடி ஏத்திக் கட்டியிருக்காங்க. ஆரம்பத்துல கட்டின மாதிரியே இருக்கிற வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். துணி விதியை யாரும் சீண்டறதில்லை. ஆனா 2010 கணக்கெடுப்பில்கூட அங்கே கறுப்பினத்தவர் சுமார் நூற்றுக்கு ஒருவர்தான். 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. ஆனா 7,990 டாலர் வீடு பல லட்சம் டாலர் ஆனப்போ, அந்த லாபம் யார் பிள்ளைங்களுக்குப் போச்சு, யாருக்குப் போகலை என்பதை எந்தச் சட்டமும் திருப்பி எழுதலை.

நம்ம ஊர்லயும் "நல்ல ஏரியா, டீசன்ட்டான ஆளுங்க மட்டும்தான்"னு வீட்டு புரோக்கர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த 'மட்டும்'க்கு என்ன அர்த்தம்னு அடுத்த தடவை அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்.